ஆர் மொழியில் லூப்: பிழைச்செய்தி வராத பிழைகள்

கொழும்பில் டெங்குத் தரவோடு வேலை செய்பவர்களுக்கு வாராந்தத் தொற்றுநோயியல் அறிக்கை பழகிய ஒன்று. 25 மாவட்டங்கள், கல்முனை தனியாக, ஆக 26 வரிகள். இதை ஆர் என்ற புள்ளிவிவர நிரல்மொழியின் ஃபார் லூப்பில் (ஒரே வேலையை ஒவ்வொரு வரிக்கும் திரும்பச் செய்யும் கட்டளை) ஓட்ட ஓட்டத்தான் லூப்பின் குணம் புரியும்: தவறு செய்தால் நிற்காது, தவறான விடையோடு அமைதியாக முடித்துவிடும்.

முதலில் ‘1:லெங்த்(எக்ஸ்)’, அதாவது 1 முதல் எக்ஸின் நீளம் வரை எண்ணுவது. 500க்கு மேல் நோயாளர் பதிவான மாவட்டங்களை வடிகட்டி லூப்பில் விடுகிறீர்கள். டெங்கு தணிந்த வாரத்தில் ஒன்றுமே தேறாது. நீளம் 0. லூப் ஓடாது என்று நினைப்போம். ஆனால் 1:0 என்பது 1, 0 என்று இறங்குவரிசையாகும். இரண்டு முறை ஓடும், என்ஏ (விடுபட்ட மதிப்பு) ஒன்று அறிக்கைக்குள் நுழையும். சீக்_அலாங்(எக்ஸ்) எழுதினால் இந்தத் தொல்லையே இல்லை. எண்ணிக்கை மட்டும் கையிலிருந்தால் சீக்_லென்(என்). ‘1:என்-1’ வேறொரு பொறி: 1 முதல் என் வரையான எல்லா எண்ணிலும் 1 கழியும், 0 இலிருந்து தொடங்கும். அடைப்புக்குறி போடுங்கள்.

மிக ஆபத்தானது லிஸ்டுக்குள் (எவ்வகை மதிப்பையும் சேர்த்துவைக்கும் பட்டியல்) நல் (NULL, ‘ஒன்றுமில்லை’ என்ற மதிப்பு) இடுவது. 26 பெயர்களையும் முன்கூட்டியே சூட்டிய வெற்று லிஸ்ட் இருக்கிறது. மாத்தறை, யாழ்ப்பாணம், கிளிநொச்சி என்ற வரிசை. மாத்தறையின் கோப்பு கிடைக்காமல், கோப்பைப் படிக்கும் ஃபங்ஷன் நல் திருப்பினால், இரட்டைச் சதுர அடைப்பில் இடப்பட்ட அந்த நல் அவ்விடத்தைப் பெயரோடு சேர்த்து அழித்துவிடும். பின்னுள்ள பெயர்கள் ஒரு படி முன்னே நகரும். லூப்பின் எண் நகராது. விளைவு: யாழ்ப்பாணம் வெறுமை, யாழ்ப்பாணத்து எண்ணிக்கை கிளிநொச்சியின் பெயரில். கடைசிச் சுற்று லிஸ்டை நீட்டிவிடுவதால் நீளமும் 26 ஆகவே இருக்கும், சரிபார்த்தாலும் பிடிபடாது. எண்ணால் அல்லாமல் மாவட்டப் பெயரால் இடுவதே நம்பகமானது. எண்தான் வேண்டுமென்றால் ஒற்றை அடைப்பில் லிஸ்ட்(நல்) என்று இடுங்கள்.

திகதிகளை நேரடியாக லூப்பில் விடவும் கூடாது. திகதி என்ற அடையாளம் (வகுப்பு) கழன்று, 2024 ஜனவரி 1 என்பது 19723 என்ற வெறும் எண்ணாகிவிடும். சீக்_அலாங்கில் ஓடி, உள்ளே திகதிகள்[ஐ] என்று எடுங்கள்.

லூப் மந்தம் என்பது பாதி அபாண்டம். ஒவ்வொரு சுற்றிலும் ஆர்பைண்ட் (அட்டவணையின் அடியில் வரி ஒட்டுவது) செய்தால் அதுவரை சேர்ந்த முழு அட்டவணையும் புதிதாக நகலாகும். 52 வாரம், வாரத்துக்கு 26 வரி என ஒரு வருடத்தின் 1,352 வரிகளில் பெரிதாகத் தெரியாது. 15 வருடத்தின் 20,280 வரிகளில் மொத்த நகல் ஏறத்தாழ 20 கோடி வரிகள். வெற்று லிஸ்டில் சேர்த்து, லூப் முடிந்தபின் டூ.கால் மூலம் ஆர்பைண்டை ஒரே தடவை அழைத்து ஒட்டுங்கள். 2017இல் வந்த ஆரின் 3.4.0 பதிப்பிலிருந்து சுட்டெண்ணால் வெக்டரை (ஒரே வகை மதிப்புகளின் வரிசை) நீட்டுவது மலிவாகிவிட்டது. ஆர்பைண்டுக்கு அந்தச் சலுகை இல்லை.

லூப்பை விட்டு, ஒவ்வொன்றின்மீதும் ஒரு ஃபங்ஷனை ஓட்டும் எஸ்அப்ளைக்கு மாறுவதும் தீர்வல்ல: வெற்று உள்ளீட்டுக்கு அது வெக்டருக்குப் பதில் லிஸ்டைத் தரும். அதன் கண்டிப்பான வடிவமான வீஅப்ளை என்றால், சொன்ன வகையில் விடை வராதபோது பிழை காட்டி நிற்கும்.