தடைக்காலத்துல கடல்லேர்ந்து வந்தது: ரெண்டு வருஷம் ஆடுன அனுபவம்

'தே கேம் ஃப்ரம் பினீத் தி ஸீ' கேமை நாங்க அஞ்சு பேர் அடையாறுல ஃப்ரெண்டு வீட்ல ரெண்டு வருஷமா ஆடிட்டு இருக்கோம், மாசம் ஒரு சனிக்கிழமை, மழைல ரோடு முழுகுனா மட்டும்தான் லீவு. ஆனிக்ஸ் பாத்ங்கிற கம்பெனி போட்ட டேபிள்டாப் ரோல்பிளேயிங் கேம் இது, அதாவது மேஜையை சுத்தி உக்காந்து ஆளுக்கொரு கேரக்டரா பேசி, டைஸ் உருட்டி கதையை நகர்த்துறது. 1950கள்ல வந்த பி கிரேடு மான்ஸ்டர் படங்க இருக்குல்ல, அணுகுண்டு வெடிச்சுது கடல்லேர்ந்து ஏதோ எழுந்து வருதுன்னு ஆரம்பிப்பாங்களே, அந்த உலகம். 1955ல அப்படி ஒரு படத்துல பட்ஜெட் பத்தாம ஸ்பெஷல் எஃபெக்ட்ஸ் பண்ண ரே ஹாரிஹவுசன் ஆக்டோபஸுக்கு ஆறு கைதான் வச்சாரு, ஆனா அது கோல்டன் கேட் பாலத்தை புடிச்சு இழுக்கும்போது யாரும் கையை எண்ணிட்டு உக்காந்திருக்க மாட்டோம். அந்த படங்க மேல நெஜமான பாசத்தோட எழுதுன கேம் இது, எனக்கு புடிச்சதே அதான்.

பத்து முக டைஸ், கேரக்டரோட திறமைக்கு ஏத்த அளவு அள்ளி உருட்டணும், 8, 9 வந்தா ஒரு சக்ஸஸ், 10 வந்தா ரெண்டு. கேரக்டர்ல அஞ்சு வகை: சயின்டிஸ்ட், சர்வைவர், ஜி-மேன், அதாவது அரசாங்க ஏஜென்ட், எவ்ரிமேன், அதாவது சாதாரண ஆளு, அப்புறம் மௌத், அதாவது வாயாலயே பொழைக்கிற ஆளு.

ஆனா கேமோட உயிரே க்விப்தான், நம்ம பாஷைல பஞ்ச் டயலாக். ஆளுக்கு சிலது கைல இருக்கும், கரெக்டான நேரத்துல எடுத்து விட்டா ஆட்டத்துலயும் பலன் உண்டு. முதல் நாலு மாசம் புக்ல இருந்த இங்கிலீஷ் டயலாக்கையே படிச்சோம், ஸ்கூல்ல ரைம்ஸ் ஒப்பிக்கிற மாதிரி இருந்துச்சு, ஒருத்தரும் சிரிக்கல. அப்புறம் ராயபுரத்துக்காரன் ஒருத்தன், "டேய் நாமளே எழுதுவோம்டா"ன்னு சார்ட் பேப்பரை வெட்டி உக்காந்துட்டான். அன்னிக்கு கதை காசிமேடு மீன்பிடி துறைமுகத்துல. ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடி தடைக்காலம், விசைப்படகு எல்லாம் கரைல கட்டி கெடக்கு, கடல்ல ஆள் நடமாட்டம் கம்மி, அந்த தைரியத்துல மான்ஸ்டர் மேல வருது. ஐஸ் ஃபேக்டரி கதவை பிச்சுட்டு உள்ள தலையை நீட்டுனப்போ அவன் எழுந்து நின்னு, "வஞ்சரமே கிலோ ஆயிரத்து இருநூறு, நீ எவ்ளோடா போவ?"ன்னான். பக்கத்து ரூம்லேர்ந்து ஃப்ரெண்டோட அம்மா, "என்னங்கடா ஆச்சு"ன்னு ஓடி வந்துட்டாங்க, அவ்ளோ சத்தம்.

அதனால வாங்குறவங்களுக்கு நான் சொல்றது, க்விப்பை முதல் நாளே உங்க ஊரு பேச்சுல எழுதிடுங்க. ரீரைட்டுங்கிற பாயின்ட்டை செலவு பண்ணி கதையையே திருப்புற சினிமாட்டிக்ஸ்னு ஒரு விஷயம் இருக்கு, அதை பழக ரெண்டு செஷன் ஆகும், அவசரப்படாதீங்க. ரெண்டே பேர் ஆடுனா சூடு புடிக்காது, நாலு பேராவது வேணும்.

கேம் நடத்துறவருக்கு இதுல பேரே டைரக்டர், அடுத்த மாசம் என் டர்ன். எண்ணூர் கழிமுகம், அனல்மின் நிலையத்து சுடுதண்ணில எதுவோ முட்டை போட்டிருக்கு, இன்னும் பொரியல.