தொண்டு முகாமா, களப் பாடமா, நிலையான மையமா? நகர மக்களுக்கான பல்கலைக்கழகத் திட்டங்கள் பற்றி ஓர் ஒப்பீடு

ஒரு பல்கலைக்கழகம் தான் அமைந்திருக்கும் நகரத்துக்கு ஏதேனும் செய்ய விரும்பினால், அதன் முன் பெரும்பாலும் மூன்று வழிகள் இருக்கின்றன. மாணவர்களைத் தொண்டுப் பணிக்கு அனுப்பலாம். களப்பணியைப் பாடத்திட்டத்துக்குள் கொண்டுவந்து அதற்கு மதிப்பெண் வழங்கலாம். அல்லது நகர மக்கள் ஆண்டு முழுவதும் வந்துபோகக்கூடிய ஒரு மையத்தைத் திறந்துவைக்கலாம். எங்கள் சட்டத் துறை இவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தபோது, குழுவில் இருந்த நான் மையத்துக்காகவே வாதாடினேன். முடிவும் அப்படியே அமைந்தது. என் சாய்வு இன்றும் அந்தப் பக்கமே என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

தொண்டுத் திட்டத்தின் வலிமை அதன் பரப்பு. இந்தியாவின் நாட்டு நலப்பணித் திட்டம், காந்தி நூற்றாண்டான 1969-இல், 37 பல்கலைக்கழகங்களில் சுமார் 40,000 மாணவர்களோடு தொடங்கியது. இரண்டாண்டுகளில் 240 மணி நேரப் பணியும் ஏழு நாள் சிறப்பு முகாமும் அதன் அடிப்படைச் சட்டகம். மெக்சிகோவில் பட்டம் பெறுவதற்கே குறைந்தது 480 மணி நேரச் சமூகப் பணி கட்டாயம். இத்தனை இளைஞர்களை, இவ்வளவு குறைந்த செலவில், வளாகத்துக்கு வெளியே கொண்டுவரும் வழி வேறில்லை. ஆனால் இங்கே கணக்கில் ஏறுவது மாணவர் செலவிட்ட நேரம் மட்டுமே. தெருவில் என்ன மாறியது என்பதற்கு அந்தப் பதிவேட்டில் இடமில்லை. மணி நேரம் நிறைந்ததும் கையொப்பம் வாங்கிக்கொண்டு புறப்படும் மாணவரையும் குறை சொல்ல முடியாது. அவரிடம் கேட்கப்பட்டது அவ்வளவுதான்.

களப் பாடம் இதைவிட ஆழமானது. ஆசிரியரின் துறை அறிவே நகரத்தின் சிக்கலுக்குப் பயன்படுகிறது என்பதால், சுவருக்கு வண்ணம் பூசுவதோடு வேலை நின்றுவிடுவதில்லை. அமெரிக்காவின் பிலடெல்பியாவில் பென்சில்வேனியா பல்கலைக்கழகம் 1992-இல் நிறுவிய சமூகக் கூட்டுறவு மையம், இன்று நெட்டர் மையம் என்ற பெயரில், நகரின் மேற்குப் பகுதிப் பள்ளிகளையும் உடல்நலத்தையும் ஊட்டச்சத்தையும் ஒட்டிய பாடங்களைப் பல துறைகளோடு சேர்ந்து நடத்தி வருகிறது. களப் பாடத்துக்கு எடுத்துக்காட்டாகப் பலரும் இதைத்தான் காட்டுவார்கள். எனக்கோ இது என் கட்சிக்கான சான்றாகவே தெரிகிறது: அந்தப் பாடங்கள் ஆண்டுதோறும் தொடர்வதற்கு, அவற்றின் பின்னால் நிலையான பணியாளர்களைக் கொண்ட ஒரு மையம் இருப்பதே பெரும் காரணமாக இருக்க வேண்டும்.

என் முடிவைத் தீர்மானித்தது நாட்காட்டி. பல்கலைக்கழகத்துக்குப் பருவம் உண்டு, தேர்வு உண்டு, நீண்ட விடுமுறை உண்டு. நகரத்துக்கு இவை எதுவும் கிடையாது. வாடகை முன்பணத்தைத் திருப்பித் தராத வீட்டு உரிமையாளரைப் பற்றிய முறையீட்டோடு ஒருவர் பருவத்தின் பிற்பாதியில் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒப்பந்தத்தைப் படித்து, ரசீதுகளைத் திரட்டி, மேற்பார்வை வழக்கறிஞரின் ஒப்புதலோடு நோட்டீஸ் அனுப்புவதற்குள் தேர்வு வந்துவிடும். பதில் வந்து சேரும் நாளில் மாணவர் ஊரில் இருக்கமாட்டார். வழக்கு நீதிமன்றம் போனாலோ, வாய்தாவுக்கு மேல் வாய்தாவாக அது அந்த மாணவரின் படிப்புக் காலத்தையே கடந்துவிடும். தொண்டுத் திட்டத்திலும் களப் பாடத்திலும் இந்த மனிதர் நடுவழியில் விடப்படுகிறார். உதவியே கிடைக்காதவரைவிட அவர் நிலை மோசம், ஏனென்றால் வேறு இடம் தேடவேண்டிய காலத்தையும் நம்மிடம் இழந்துவிட்டார்.

மையம் என்று நான் சொல்வது கட்டடத்தை அல்ல, பருவம் முடிந்தபின்னும் பதில் சொல்லக் கடமைப்பட்ட ஓர் ஆளை. எங்கள் மையத்தில் ஒவ்வொரு கோப்பின் முதல் தாளிலும் நான்கு கட்டங்கள் இருக்கின்றன: கடைசியாகச் செய்த வேலை, அடுத்த தேதி, மூல ஆவணங்கள் யாரிடம் உள்ளன, வந்தவரிடம் என்ன சொல்லி அனுப்பினோம். முதல் மூன்றையும் மாணவர்கள் ஒழுங்காக நிரப்பிவிடுவார்கள். நான்காவதுதான் வெறுமையாக நிற்கும். வாசலில் நின்றபடி 'பார்த்துச் சொல்கிறோம்' என்று சொன்னதை மாணவர் மறந்துவிடுவார், கேட்டவரோ அதை நம்பி வாரக்கணக்கில் காத்திருப்பார். அந்தக் கட்டம் நிரம்பாத கோப்பை ஒருங்கிணைப்பாளர் அடுத்த அணியிடம் ஒப்படைக்க மாட்டார். எங்கள் மையத்தின் பயன் பெரும்பகுதியும் இந்தச் சலிப்பூட்டும் வேலையில்தான் இருக்கிறது என்பேன்.

நெதர்லாந்தில் 1970-களில் தோன்றிய 'அறிவியல் கடை'களும் இதே வகையைச் சேர்ந்தவை. நகரத்தின் ஓர் அமைப்பு ஆய்வுக்குரிய கேள்வியோடு பல்கலைக்கழகத்தை அணுகும். அந்த அமைப்புக்குப் பணம் கொடுக்க வசதி இருக்கக்கூடாது, கேள்வியில் வணிக நோக்கம் இருக்கக்கூடாது, கிடைக்கும் விடையைப் பயன்படுத்தும் நிலையில் அது இருக்க வேண்டும். மூன்றாவது நிபந்தனை எனக்கு மிகவும் பிடித்தது. எங்கோ அலமாரியில் தூங்கப்போகும் ஆய்வறிக்கைகளைத் தொடக்கத்திலேயே அது தடுத்துவிடுகிறது. இவற்றுள் பல பின்னாளில் மூடப்பட்டன என்பதையும் மறைக்க விரும்பவில்லை. ஒருங்கிணைப்பாளரின் சம்பளம் பல்கலைக்கழகத்தின் வழக்கமான வரவுசெலவில் இல்லாமல் ஏதோ ஒரு நல்கையை நம்பியிருந்தால், நல்கை முடியும் நாளில் மையமும் முடிந்துவிடும். மையத்தை விரும்புகிறவர்கள் முதலில் போராட வேண்டியது இந்தப் பணியிடத்துக்காகத்தான்.

நான்காவதாக ஒரு வழியும் பேசப்படுகிறது: பல்கலைக்கழகம் தன் கொள்முதலையே உள்ளூர்ப் பக்கம் திருப்புவது. அமெரிக்காவின் கிளீவ்லேண்டில் 2008-இல் தொடங்கப்பட்ட எவர்கிரீன் கூட்டுறவுகள், அங்குள்ள பல்கலைக்கழகமும் பெரிய மருத்துவமனைகளும் செலவிடும் பணம் சுற்றியுள்ள ஏழைக் குடியிருப்புகளில் வேலைவாய்ப்பாக மாறவேண்டும் என்ற நோக்கில் உருவானவை. சலவை நிலையம் அவற்றுள் முதலாவது. ஆசிரியராக மட்டுமே இருந்துவரும் எனக்குக் கொள்முதல் குழுக்களில் அனுபவம் இல்லாததால், இதை எங்கள் மையத்தோடு எடைபோட்டுத் தீர்ப்புச் சொல்லத் தயங்குகிறேன்.

நிரந்தரப் பணியிடத்துக்கு வழியே இல்லாத துறை, மையம் என்று பெயர்ப்பலகை மாட்டுவதைவிடத் தொண்டுத் திட்டத்தையே நேர்மையாக நடத்தலாம். அப்போது, படிவம் நிரப்ப உதவுவது, சட்ட விழிப்புணர்வு வகுப்பு எடுப்பது, ஒரு தெருவின் குறைகளைக் கணக்கெடுத்து உரிய அலுவலகத்தில் கொடுப்பது போல, பருவம் முடிவதற்குள் முடிந்துவிடக்கூடிய வேலைகளை மட்டும் ஏற்றுக்கொண்டு, வழக்கோடு வருபவரை முதல் நாளிலேயே சட்ட உதவி அமைப்புக்கு அனுப்பிவைப்பது நல்லது.