ஹீட்டரில் பம்ப்பா, வீட்டுக்கே பம்ப்பா?

சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்து லயத்தை விட்டுத் தாமான் வீட்டுக்கு வந்தவர்கள் பலருக்கும் இந்தத் தொல்லை உண்டு: ஷவரில் தண்ணீர் சொட்டுகிறது, ஹீட்டர் சூடாவதே இல்லை. தண்ணீருக்கு அழுத்தம் தருவது கூரைத் தொட்டியின் உயரம்தான். ஒரு மீட்டருக்கு ஏறக்குறைய 0.1 பார் (பார் என்பது அழுத்தத்தின் அளவு). ஒற்றை மாடி வீட்டில் அந்த உயரம் எங்கே இருக்கிறது? ஓட்டம் குறைந்தால் ஹீட்டருக்குள் இருக்கும் ஃப்ளோ சுவிட்ச் சூடாக்கவே விடாது.

வழி இரண்டு: பம்ப் உள்ள ஹீட்டர், இல்லையென்றால் வீட்டுக்கே தனி பம்ப். பம்ப் உள்ள ஹீட்டரில் வேலை சுலபம், பழையதைக் கழற்றிய இடத்திலேயே மாட்டலாம். ஆனால் அந்த ஒரு குளியலறையோடு சரி.

தொட்டிக்குப் பின்னால் வைக்கும் தனி பம்ப் வீடு முழுக்கத் தள்ளும். செலவு கூட. பழைய ஜிஐ பைப் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) என்றால் நான் தயங்குவேன்: உள்ளே துருப்பிடித்து மெலிந்த குழாயில் அழுத்தம் ஏறினால் மூட்டுகளில் கசிய ஆரம்பிக்கும். எங்காவது ஒரு குழாய் சொட்டினாலும் போதும், நடுராத்திரியில் பம்ப் விட்டுவிட்டு ஓடும். அப்புறம், தெருவிலிருந்து வரும் மெயின் குழாயில் பம்ப்பை நேரடியாக மாட்டவே கூடாது.

ஒரே குளியலறை என்றால் ஹீட்டர் பம்ப்பே போதும். மாடி வீடு, இரண்டு மூன்று குளியலறை என்றால் தனி பம்ப்.

கடைக்குப் போகுமுன் மெயின் சுவிட்சை அணைத்து, தண்ணீரை மூடி, ஹீட்டருக்குத் தண்ணீர் நுழையும் இடத்திலுள்ள வலையைக் கழற்றிப் பாருங்கள். மண் அடைத்திருந்தால் பழைய பிரஷ்ஷால் தேய்த்து மாட்டுங்கள். இரண்டுமே தேவைப்படாமல் போகலாம்.