மின்னல் பார்க்கப் போகும் நாளில் எது கைகொடுக்கும்? சென்னை ரேடார், தாமினி, லைட்னிங்மேப்ஸ்

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஜூன் முதல் செப்டம்பர் வரை சென்னைக்கு மேற்கே சாயங்காலம் கட்டும் இடிமேகங்களைத் தேடிப் போய்ப் பார்க்க ஆசைப்படுகிறவர் எந்தச் செயலிக்கும் பணம் கட்ட வேண்டாம். இந்திய வானிலை ஆய்வுத் துறையின் சென்னை ரேடார் படம், புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனத்தின் தாமினி என்ற மின்னல் எச்சரிக்கைச் செயலி, மின்னல் விழும் இடத்தை வரைபடத்தில் காட்டும் லைட்னிங்மேப்ஸ் தளம், மூன்றும் இலவசம், மூன்றும் சேர்ந்தால் ஒரு மாலைக்குப் போதும். ஆனால் ஒன்றின் வேலையை இன்னொன்று செய்யாது, எதை எத்தனை மணிக்குத் திறப்பது என்று தெரிந்தால்தான் பலன், அதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

போனோடு வரும் ஒரு வானிலைச் செயலி, பெயர் வேண்டாம், நாங்கள் போன அன்று காலையிலிருந்து ராத்திரி வரை ஒரு மின்னல் படத்தைப் போட்டு பக்கத்தில் 40% என்று காட்டிக்கொண்டே இருந்தது. எந்த ஊரில், எத்தனை மணிக்கு, எந்தத் திசையிலிருந்து? ஒன்றும் கிடையாது. குடை எடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்ய அது போதும், காரில் நூறு கிலோமீட்டர் போவதற்குப் போதாது.

நாங்கள் போனது செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலையில் பார்த்தது விண்டி என்ற வானிலைக் கணிப்புத் தளம். அதில் கேப் என்று ஓர் அடுக்கு இருக்கிறது, மேலே கிளம்பும் சூடான ஈரக்காற்றுக்கு எவ்வளவு உந்து சக்தி காத்திருக்கிறது என்பதன் கணக்கு அது. கிலோவுக்கு 2,500 ஜூலைத் தாண்டிக் காட்டினால் நான் பை எடுத்து வைக்க ஆரம்பித்துவிடுவேன். அதோடு, மூன்று முதல் ஆறு கிலோமீட்டர் உயரத்தில் காற்று மேற்கிலிருந்து வீசுகிறதா என்று பார்க்க வேண்டும், மேகத்தைத் தள்ளிக்கொண்டு வருவது அந்தக் காற்றுதான். அது இல்லாவிட்டால் ஜவ்வாது மலைப் பக்கம் கட்டிய மேகம் அங்கேயே கொட்டித் தீர்த்துவிடும். மீனம்பாக்கத்தில் காலை ஐந்தரைக்கு விடும் வானிலை பலூனின் பதிவு வயோமிங் பல்கலைக்கழகத் தளத்தில் 43279 என்ற நிலைய எண்ணில் கிடைக்கும், படிக்கக் கொஞ்சம் பழக வேண்டும், ஆனால் விண்டி காட்டும் கணினிக் கணிப்பு போல இது ஊகம் இல்லை, உண்மையில் அளந்தது. விண்டியை நாளைத் தேர்ந்தெடுக்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இடத்தை அதை நம்பித் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

மதியத்துக்கு மேல் ரேடார்தான் எல்லாம். சென்னைத் துறைமுகத்தில் இருக்கும் இந்த டாப்ளர் ரேடார் 2002-ல் நிறுவப்பட்டது, நாட்டிலேயே முதலில் வந்த டாப்ளர் வானிலை ரேடார் இதுதான். மாக்ஸ் இசட் என்ற படத்தைத் திறங்கள், மேகத்திலிருந்து ரேடாருக்குத் திரும்பி வரும் எதிரொலி எங்கே எவ்வளவு பலம் என்பதை வண்ணத்தில் காட்டுவது அது. பெரும்பாலானவர்கள் நடுவில் இருக்கும் வட்டத்தை மட்டும் பார்த்து, சிவப்பு எங்கே என்று தேடிவிட்டு மூடிவிடுகிறார்கள். எனக்கு அதைவிட முக்கியம் மேலேயும் வலது பக்கமும் ஒட்டியிருக்கும் இரண்டு பட்டைகள். அவை மேகத்தைப் பக்கவாட்டில் நின்று பார்த்ததைப் போல அதன் உயரத்தைக் காட்டும். நம் ஊர் வானத்தில் சுமார் 5 கிலோமீட்டருக்கு மேலே போனால் உறைநிலை. அதற்கும் மேலே, 7 கிலோமீட்டர் வாக்கில், மென்மையான ஆலங்கட்டித் துகள்களும் பனிப்படிகங்களும் மோதி உரசும் இடத்தில்தான் மின்னூட்டம் பிரிகிறது. ஆகவே 40 டிபிஇசட் (அந்த எதிரொலியின் பலத்தை அளக்கும் அலகு) வண்ணம் அந்த உயரத்தைத் தொட்டுவிட்டால் மின்னல் தொடங்கப் போகிறது என்று பெரும்பாலும் நம்பலாம். எவ்வளவு அகலமாகப் பச்சை பரவியிருந்தாலும் பட்டையில் உயரம் இல்லையென்றால் அது வெறும் மழை, வீட்டிலேயே இருக்கலாம்.

மூன்றரை மணிக்கு ஆம்பூருக்கு மேற்கே ஒரு புள்ளி. அடுத்தடுத்த படங்களில் அது மேலே ஏறியது, பட்டையில் 12 கிலோமீட்டரைத் தாண்டியதும் நண்பர் கார் சாவியை எடுத்துவிட்டார். பூந்தமல்லி, ஸ்ரீபெரும்புதூர், காஞ்சிபுரம் தாண்டி காவேரிப்பாக்கம். மேகத்தை நோக்கி ஓடி அதன் வயிற்றுக்குள் போய் நிற்பதில் அர்த்தமே இல்லை, அங்கே மழைத்திரையைத் தவிர ஒன்றும் தெரியாது. அது வரும் வழியில், முப்பது நாற்பது கிலோமீட்டர் முன்னால், மேற்கே அடிவானம் வரை மறைப்பில்லாத இடத்தில் வண்டியை நிறுத்த வேண்டும். காவேரிப்பாக்கம் ஏரிப் பக்கம் அதற்கென்றே அமைந்த மாதிரி இருக்கிறது. ஆனால் ஏரிக்கரை மேல் ஏறி நிற்காதீர்கள், சுற்றுவட்டாரத்திலேயே உயரமான பொருள் நீங்களாகத்தான் இருப்பீர்கள். நாங்கள் நெடுஞ்சாலை ஓரம் ஒரு டீக்கடைக்கு எதிரே காரை நிறுத்தி, காருக்குள் உட்கார்ந்துதான் பார்த்தோம்.

ரேடாரின் குறை என்று சொன்னால் இரண்டு, இரண்டும் அதன் தன்மையிலேயே இருப்பவை. ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் ஏறக்குறைய பத்து நிமிடம் ஆகும், வளர்ந்துகொண்டிருக்கும் மேகத்துக்கு அது நீண்ட நேரம். அப்புறம், பூமியின் வளைவால் 170 கிலோமீட்டர் தள்ளி அதன் கற்றை தரையிலிருந்து மூன்று கிலோமீட்டர் உயரத்தில் போகிறது, அதற்குக் கீழே நடப்பது தெரியாது.

இருட்டிய பிறகு லைட்னிங்மேப்ஸ். இதை நான் மனதார நேசிக்கிறேன். ஜெர்மனியில் ஏகான் வாங்கே என்ற பேராசிரியர் தொடங்கிய பிளிட்ஸ்ஓர்டுங் வலைப்பின்னலின் தகவலைக் காட்டும் தளம் இது. உலகம் முழுக்கத் தன்னார்வலர்கள் தங்கள் வீட்டில் ஒரு சிறிய ஏற்பியை வைத்திருக்கிறார்கள், மின்னல் வெட்டும்போது கிளம்பும் மிகத் தாழ்ந்த அலைவரிசை ரேடியோ அலை ஒவ்வொரு வீட்டுக்கும் எந்த நொடித்துளியில் வந்தது என்பதை ஒப்பிட்டு மின்னல் விழுந்த இடத்தைக் கணக்கிடுகிறார்கள். வரைபடத்தில் ஒரு புள்ளி தோன்றும், அதிலிருந்து ஒரு வட்டம் மெதுவாக விரியும். அந்த வட்டம் இடியோசை, ஒலி போகும் வேகத்திலேயே, மூன்று நொடிக்கு ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் என்று, விரிகிறது. முதலில் வேலூர் பக்கம் வெட்டியவை எல்லாம் ஓசையே இல்லாமல் வந்தன. வட்டம் எங்களைக் கடந்து போயிற்று, ஒன்றும் கேட்கவில்லை. மேலே போகப் போகக் காற்று குளிர்வதால் ஒலி மேல்நோக்கி வளைந்துவிடுகிறது, பதினைந்து இருபது கிலோமீட்டருக்கு அப்பால் இடி பெரும்பாலும் காதுக்கு வராது. ஒரு முக்கால் மணி நேரம் கழித்து வாலாஜாவுக்கு அருகே ஒரு புள்ளி விழுந்தது, வட்டம் விரிந்து வந்து எங்கள் நீலப் புள்ளியைத் தொட்டது, தொட்ட மாத்திரத்தில் கார் கண்ணாடி மெல்ல அதிர்ந்தது. நண்பர் அந்தத் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை.

ஆனால் ஒன்று. ஐரோப்பாவில் இந்த ஏற்பிகள் நெருக்கமாக இருக்கின்றன, நம் பக்கம் அவ்வளவு கிடையாது. புள்ளி சில கிலோமீட்டர் தள்ளி விழலாம், சில மின்னல்கள் விட்டும் போகலாம். உயிர், உடைமைப் பாதுகாப்புக்கு இந்தத் தகவலை நம்பாதீர்கள் என்று அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள்.

அந்த வேலைக்குத்தான் தாமினி. இந்தியாவுக்குள்ளேயே அமைத்த உணரிகளின் தகவல். நீங்கள் நிற்கும் இடத்தைச் சுற்றி 20 கிலோமீட்டர், 40 கிலோமீட்டர் என்று எச்சரிக்கை வட்டம் போட்டு, கடைசி சில நிமிடங்களில் விழுந்த மின்னல்களை நேரவாரியாக வேறு வேறு நிறத்தில் காட்டும். பார்க்க அழகாக இல்லை, இருக்கவும் வேண்டாம். என் கணக்கு எளிது: 40-க்குள் வந்தால் கேமரா முக்காலியை மடக்கு, 20-க்குள் வந்தால் காருக்குள் போய்க் கதவை மூடு. கண்ணாடியும் மேலே ஏறியிருக்க வேண்டும், உலோகப் பாகங்களைத் தொடக் கூடாது. காப்பது டயர் ரப்பர் இல்லை, நம்மைச் சுற்றியுள்ள உலோகக் கூடு. ஆட்டோவும் பைக்கும் மரத்தடியும் இந்தக் கணக்கில் சேரவே சேராது. வயலில் வேலை செய்யும் சொந்தக்காரர் யாராவது இருந்தால் இந்த ஒன்றை மட்டுமாவது அவர்கள் போனில் போட்டுக் கொடுங்கள்.

ஏழே காலுக்கு மேற்கிலிருந்து குளிர்ந்த காற்று தூசியைக் கிளப்பிக்கொண்டு வந்தது, டீக்கடைத் தகரம் படபடவென்று அடித்தது, கடைக்காரர் "தம்பி, வண்டிய மரத்துக்குக் கீழ இருந்து எடுத்துடுங்க, கிளை விழும்" என்று குரல் கொடுத்தார். பத்தடி முன்னால் நகர்த்தினோம். பிறகு அரை மணி நேரம் வெறும் வெள்ளை, தண்ணீர், சத்தம். அந்த அரை மணியில் எந்தச் செயலியும் தேவையில்லை.

சொல்ல மறக்கக் கூடாத விஷயம், நல்ல காட்சி மேகம் தாண்டிய பிறகுதான். மழை விட்டதும் கிளம்பிவிடுகிறவர்கள் பாதியைத்தான் பார்க்கிறார்கள். புயல்மேகம் காஞ்சிபுரம் பக்கம் நகர்ந்ததும் அதன் பின்னால் நீண்டு கிடக்கும் உயரத் தட்டில் மின்னல் கிளை கிளையாகத் தலைக்கு மேல் ஊர்ந்து போகும், ஒரு கோடியிலிருந்து மறு கோடி போவதைக் கண்ணால் பின்தொடரும் அளவுக்கு நிதானமாக. ஆனால் இதே தட்டிலிருந்து தரைக்கு இறங்குபவை சக்தி மிகுந்தவை, மழை இல்லாத இடத்திலும் பதினைந்து கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி வந்து விழக்கூடியவை. கடைசி இடி கேட்டு முப்பது நிமிடம் ஆகும்வரை கதவைத் திறக்கவில்லை.

விண்டிக்குப் பணம் கட்டினால் மூன்று மணி நேரத்துக்குப் பதில் ஒரு மணி நேர இடைவெளியில் கணிப்பு கிடைக்கும், இந்த வேலைக்கு அது தேவைப்படவில்லை. அந்தப் பணத்துக்கு ஒரு நல்ல பவர்பேங்க் வாங்கலாம், லைட்னிங்மேப்ஸ் ஓடிக்கொண்டே இருந்தால் பேட்டரி மளமளவென்று இறங்கும். அக்டோபர் நடுவில் வடகிழக்குப் பருவமழை வந்துவிட்டால் மேகம் கடலிலிருந்து வர ஆரம்பிக்கும், மேற்கே போகத் தேவையிருக்காது, ரேடாரைத் திறக்க வேண்டிய நேரமும் சாயங்காலத்திலிருந்து விடியற்காலைக்கு மாறிவிடும்.