மலிவு மின்சாரம்: அரைமணி விலையா, கார் கட்டணமா, வீட்டு பேட்டரியா?

பிரிட்டனில் பெரும்பாலான வீடுகள் இன்னும் இரவு பகல் பார்க்காமல் ஒரே விலைக்குத்தான் மின்சாரம் வாங்குகின்றன. எரிசக்தித் துறையைக் கண்காணிக்கும் ஆஃப்ஜெமின் விலை உச்சவரம்பின்படி 2025இல் அது யூனிட்டுக்கு ஏறத்தாழ 25 முதல் 27 பென்ஸ். ஊரே தூங்கும் நேரத்தில் அதே மின்சாரத்தை 7, 8 பென்ஸுக்குக் கொடுக்கும் திட்டங்களும் உண்டு. தேவை குறைந்தாலும் காற்றாலைகள் சுற்றிக்கொண்டே இருப்பதால் வரும் மலிவு இது. யோசனை பழையதுதான்: 1978லேயே எகனாமி 7 என்று இரவில் ஏழு மணி நேரம் குறைந்த விலைக்குக் கொடுத்தார்கள். இப்போது ஸ்மார்ட் மீட்டர் அரைமணிக்கு ஒருமுறை கணக்கு எடுப்பதால் திட்டங்கள் பெருகிவிட்டன, குழப்பமும் கூடவே.

முதலில் அரைமணி விலை. ஆக்டோபஸ் என்ற மின்சார நிறுவனம் 2018இல் கொண்டுவந்த அஜைல் திட்டம் இதில் பிரபலம். மறுநாளின் ஒவ்வொரு அரைமணிக்கும் என்ன விலை என்பது முந்தைய நாள் மாலை நான்கு மணிவாக்கில் தெரிந்துவிடும். பலத்த காற்று வீசும் இரவுகளில் விலை பூஜ்யத்துக்குக் கீழேகூடப் போகும். அதாவது நீங்கள் செலவழிக்கும் மின்சாரத்துக்கு அவர்கள் காசு தருவார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மாலை 4 முதல் 7 வரை விலை ஏறும். காற்றில்லாத குளிர்கால மாலை என்றால் நன்றாகவே ஏறும். யூனிட்டுக்கு 100 பென்ஸ்தான் உச்சவரம்பு. பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வந்து, மின்சார அடுப்பில் சமையல் நடக்கிற நேரமே அதுதான். பாத்திரம் கழுவும் மெஷின் ஒரு தடவை ஓட ஒரு யூனிட் போல ஆகும். அதை இரவுக்குத் தள்ளி வைத்தால் மிச்சம் 15, 20 பென்ஸ். மின்சாரக் காரும் இல்லை, வீட்டு பேட்டரியும் இல்லை என்றால் அஜைல் ஒரு பொழுதுபோக்கு, அவ்வளவுதான். விலைப்பட்டியலைத் தினமும் பார்ப்பதில் ஆர்வம் உள்ளவர்கள் எடுக்கலாம்.

கார் வந்ததும் கணக்கே மாறுகிறது. தள்ளிவைக்கக்கூடிய பெரிய செலவு ஒரு வீட்டில் அதுதான். ஆக்டோபஸ் கோ திட்டத்தில் இரவு 12:30 முதல் 5:30 வரை மலிவு. இன்டெலிஜென்ட் கோ திட்டத்தில் 11:30 முதல் 5:30 வரை. பின்னதில் எப்போது சார்ஜ் ஏற்றுவது என்பதை நிறுவனமே முடிவு செய்யும். அதற்கு ஒத்துவரும் காரோ சார்ஜரோ வேண்டும். இரண்டிலும் அந்த நேரத்தில் வீடு முழுவதற்கும் மலிவு விலை என்பதால் வாஷிங் மெஷினும் சேர்ந்து பிழைக்கும். ஓவோ நிறுவனத்தின் சார்ஜ் எனிடைம் திட்டம் வேறு ரகம்: காருக்குள் போகும் மின்சாரத்துக்கு மட்டும் சலுகை, வீட்டுக்கு வழக்கமான விலை. இரவில் வேறெதையும் ஓட்டாதவர்களுக்கு இது பொருந்தும்.

வருடத்துக்கு 7,500 மைல், யூனிட்டுக்கு மூன்றரை மைல் என்று வைத்துக்கொண்டால் சுமார் 2,140 யூனிட் வேண்டும். 7 பென்ஸ் என்றால் 150 பவுண்டு. பகல் விலை 26 பென்ஸ் என்றால் 555 பவுண்டு. சாலையோர வேக சார்ஜரில் 75 பென்ஸ் கொடுத்தால் 1,600 பவுண்டு. சார்ஜ் ஏறும்போது வீணாவதற்கு எல்லாவற்றிலும் இன்னும் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள். கேலனுக்கு 40 மைல் ஓடும் பெட்ரோல் காருக்கு, லிட்டர் 1.40 பவுண்டு விலையில், ஏறத்தாழ 1,190 ஆகும். பொது வேக சார்ஜரை மட்டும் நம்பினால் பெட்ரோலே மலிவு! வீட்டு மின்சாரத்துக்கு வாட் (VAT) வரி 5 சதவீதம், பொது சார்ஜருக்கு 20 சதவீதம் என்பதும் இதில் ஒரு காரணம். ஆக, வீட்டுக்கு முன்னால் கார் நிறுத்த இடம் இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. தெருவில் நிறுத்துகிறவர்களும் ஃபிளாட்டில் இருப்பவர்களும் இந்த லாபத்தை எளிதில் தொட முடியாது. அநியாயம்தான், ஆனால் நிலைமை அப்படி.

இடம் இருந்தால், ஆயிரம் பவுண்டு சார்ஜருக்கு உடனே ஓட வேண்டியதில்லை. சாதாரண மூன்று பின் பிளக்கில் ஐந்து மணி நேரத்தில் பதினோரு யூனிட் ஏறும். அது கிட்டத்தட்ட 40 மைல். மேலே சொன்ன ஓட்டத்துக்குத் தினம் 20 மைல்தான் தேவை. பழைய வயரிங் என்றால் மட்டும் எலெக்ட்ரீஷியனிடம் காட்டிவிடுங்கள்.

வீட்டு பேட்டரியை நான் கடைசியில்தான் வைப்பேன். கேஸ் ஹீட்டிங் உள்ள சராசரி வீட்டுக்கு ஆஃப்ஜெம் 2025இல் எடுத்துக்கொண்ட கணக்கு ஆண்டுக்கு 2,700 யூனிட். நாளுக்கு ஏழரைக்கும் கீழே. டெஸ்லா நிறுவனத்தின் பவர்வால் பேட்டரி 13.5 யூனிட் பிடிக்கும். பாதி காலியாகவே கிடக்கும் என்றால் எதற்கு? தினம் 6 யூனிட்டை 7 பென்ஸுக்கு வாங்கி, 28 பென்ஸ் நேரத்தில் செலவழிக்கிறீர்கள் என்று கொள்வோம். பத்தில் ஒரு பங்கு வழியில் போய்விடும். மிச்சம் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 1.10 பவுண்டு, வருடத்துக்கு 400. பேட்டரி பொருத்த 6,000 பவுண்டு ஆனால் போட்ட காசு திரும்ப 15 வருடம். உத்தரவாதமோ பொதுவாக 10 வருடம். மின்சாரத்தில் வீட்டைச் சூடாக்கும் ஹீட் பம்ப் இருந்தால் குளிர்காலத்தில் பேட்டரி தினமும் நிறைந்து காலியாகும், அப்போது கணக்கு சரிவரும். இரவில் வாங்கிப் பகலில் கிரிட்டுக்கே, அதாவது பொது மின்கட்டமைப்புக்கே, திருப்பி விற்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால் உங்களிடமிருந்து வாங்கும் விலையை நிறுவனம் எப்போது வேண்டுமானாலும் குறைக்கலாம். அதை நம்பிக் கடன் வாங்காதீர்கள்.

அப்புறம், நம் ஊர் இன்வெர்ட்டர் மாதிரி கரண்ட் போனால் கைகொடுக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. அதற்கான தனி அமைப்பு இல்லாவிட்டால் பல பேட்டரிகள் கிரிட்டோடு சேர்ந்தே அணைந்துவிடும். பேட்டரியை மாடிக்கு மேலே, கூரைக்கடியில் இருக்கும் லாஃப்டில் வைக்கலாம் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். 2024இல் வந்த தீப் பாதுகாப்புத் தரநிலை அதை ஏற்பதில்லை. பேட்டரிக்கு வாட் வரி விலக்கு 2027 மார்ச் 31 வரை இருக்கிறது, அதனால் "இப்பவே வாங்குங்க" என்று விற்பவர்கள் நெருக்குவார்கள்.

காரிலும் ஒரு செலவு வரப்போகிறது. 2028 ஏப்ரலில் இருந்து மின்சாரக் காருக்கு மைலுக்கு 3 பென்ஸ் வரி என்று 2025 நவம்பர் பட்ஜெட்டில் அறிவித்தார்கள். 7,500 மைலுக்கு 225 பவுண்டு. இரவு மின்சாரத்தோடு சேர்த்தால் 375. அப்போதும் பெட்ரோல் செலவில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

பேட்டரிக்கு விலை கேட்பதற்கு முன், உங்கள் ஸ்மார்ட் மீட்டரின் ஒரு வருட அரைமணிக் கணக்கை இறக்கி, காலையிலிருந்து படுக்கப் போகும்வரை எத்தனை யூனிட் செலவாகிறது என்று பாருங்கள். அந்த எண்ணைக் கேட்காமலே பேட்டரி அளவைச் சொல்லும் விற்பனையாளர் வந்தால், டீ கொடுத்து அனுப்பிவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுங்கள்.