கல்யாண பட்ஜெட்: மண்டபத்தின் மொத்த பேக்கேஜா, தனித்தனி ஏற்பாடா?

சாப்பாடு, அலங்காரம், ஒலி-ஒளி எல்லாம் சேர்த்து மண்டபம் ஒரு விலை சொல்கிறது. வெளியே பிடித்தால் குறையுமா?

செலவு
பேக்கேஜ்: தலைக்கு இவ்வளவு என்பதைவிடக் குறைந்தபட்ச எண்ணிக்கைதான் முக்கியம். 300 பேருக்கு உறுதி கொடுத்து 240 பேர் வந்தால், தலைக்கு 25 சதவீதம் கூடுதலாகக் கொடுத்திருக்கிறீர்கள்.
தனித்தனி: ஒவ்வொரு பில்லும் சின்னதாகத் தெரியும், கூட்டிப் பார்க்கும் வரை. வண்டி வாடகை, ஏற்றுக்கூலி இறக்குக்கூலி, வேலையாட்கள் சாப்பாடு, வரி ஆகியவை கொட்டேஷனில் அடக்கமா என்று எழுத்தில் வாங்குங்கள்.

கடைசி நேர பில்
பேக்கேஜ்: கூடுதல் மணி நேரம், ஜெனரேட்டர் டீசல், துப்புரவு. வெளி போட்டோகிராபரை அழைத்து வந்தாலே கட்டணம் கேட்கிற மண்டபங்களும் உண்டு.
தனித்தனி: ஒருவர் தாமதித்தால் மற்றவரும் காத்திருப்பார்; மேடை முடியாமல் லைட்காரர் ஏற முடியாது. அந்த நேரத்துக்கும் கூலி உங்கள் தலையில்தான்.

அலைச்சல்
பேக்கேஜ்: ஒரே ஆளிடம் பேசினால் போதும்.
தனித்தனி: அன்றைக்கு போனை எடுக்க வீட்டார் அல்லாத ஒருவர் வேண்டும். மணமக்களின் பெற்றோர் இதற்கு ஆக மாட்டார்கள்.

விருந்தினர் கணக்கு உறுதியாக இருந்து, ஓடியாட ஆளில்லை என்றால் பேக்கேஜ். கணக்கு ஊசலாடினால், அல்லது அலங்காரத்தைக் குறைத்துச் சாப்பாட்டில் போட நினைத்தால் தனித்தனி. எதுவானாலும் மொத்தத்தில் 10 சதவீதத்தைக் கடைசி நேர பில்லுக்கென்று முதலிலேயே ஒதுக்கிவிட்டு, மிச்சத்தைப் பிரித்துக்கொள்ளுங்கள்.