எல்பி, சிடி, ஸ்ட்ரீமிங்: பழைய ராக், ப்ளூஸ், சோல் கேட்க நான் எதைப் பிடித்துக்கொண்டேன்

போன வருடம் எல்பி இசைத்தட்டுகளை ஓட்டும் டர்ன்டேபிளை விற்றுவிட்டேன். ஸ்ட்ரீமிங் சந்தா இன்னும் ஓடுகிறது. ஆனால் ராத்திரி சாப்பாடு முடிந்து ஒரு மணி நேரம் உட்கார்ந்து ப்ளூஸ் பாடகர் மட்டி வாட்டர்ஸோ சோல் பாடகர் ஓடிஸ் ரெடிங்கோ கேட்பது இப்போது முழுக்க சிடியில்தான். எல்பி திரும்ப வந்து, கடைகளில் அதற்குத் தனி அலமாரியே வைத்திருக்கும் நேரத்தில் நீ ஏன் சிடிக்குப் போனாய் என்று கேட்பவர்களுக்கு ஒவ்வொரு தடவையும் அரை மணி நேரம் பதில் சொல்லியாகிறது. அதையே இங்கே எழுதி வைக்கிறேன்.

எல்லோருக்கும் தெரிந்ததை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். புதிதாக ஒருவரைக் கண்டுபிடிக்க ஸ்ட்ரீமிங்கை அடிக்க எதுவும் இல்லை. கையில் பிடித்துப் பார்க்க, அட்டைப் படத்தை ரசிக்க, ஒரு பக்கம் முடிந்ததும் எழுந்து போய்த் திருப்பிப் போடுகிற அந்தச் சடங்குக்கு எல்பிதான். சிடிக்கு அப்படிச் சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை, பிளாஸ்டிக் டப்பா, அதுவும் பாதி நாளில் கீல் உடைந்துவிடும். ஒலித் தரத்தை வைத்தும் ஸ்ட்ரீமிங்கைக் குறை சொல்ல முடியாது, ஆப்பிள் மியூசிக் 2021லேயே தரம் குறைக்காத ஒலியைக் கூடுதல் கட்டணம் இல்லாமல் கொடுக்க ஆரம்பித்துவிட்டது.

அப்புறம் எதை வைத்து முடிவு செய்தேன்? எந்தப் பதிப்பு என் காதில் விழுகிறது என்பதை வைத்துத்தான். இதை மட்டும் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டும்.

பழைய ஆல்பம் என்றால் அது ஒரே ஒரு பொருள் என்றுதான் நானும் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். ஸீ ஸீ டாப் (ZZ Top) என்ற ராக் குழுவின் ‘ட்ரெஸ் ஹோம்ப்ரெஸ்’ 1973இல் வந்தது, டெக்ஸாஸ் ப்ளூஸ் வாசனை அடிக்கிற வறண்ட, நெருக்கமான ஒலி. 1987இல் அவர்களுடைய பழைய ஆல்பங்களைச் சேர்த்து சிடியில் கொண்டுவந்தபோது, அந்தக் கால ரசனைக்கு ஏற்ற மாதிரி புதிதாக மிக்ஸ் செய்து, அதாவது குரலையும் வாத்தியங்களையும் வேறு அளவில் கலந்து, டிரம்ஸுக்கு எண்பதுகளின் எதிரொலியை ஏற்றிவிட்டார்கள். நான் முதலில் கேட்டது அதைத்தான். எல்லோரும் தலையில் வைத்துக் கொண்டாடும் ஆல்பம் ஏன் இப்படித் தகர டப்பாவைத் தட்டுகிற மாதிரி இருக்கிறது என்று ஒதுக்கி வைத்துவிட்டேன். 2006இல் பழைய மிக்ஸையே சிடியில் திரும்ப வெளியிட்டார்கள். அது கைக்கு வந்த அன்று மூன்று முறை கேட்டேன். பாடல்கள் அதேதான், வாசித்தவர்களும் அதே மூன்று பேர்தான், ஆனால் நான் ஒதுக்கி வைத்த ஆல்பம் அது இல்லை.

இது ஏதோ ஒன்றிரண்டு இடத்தில் நடந்த விஷயமும் இல்லை. பாடகர் இகி பாப்பும் அவருடைய ஸ்டூஜஸ் குழுவும் செய்த ‘ரா பவர்’ 1973இல் பாடகர் டேவிட் போவியின் மிக்ஸில் வந்தது. 1997இல் இகி பாப்பே அதைப் புதிதாக மிக்ஸ் செய்து, தாங்க முடியாத சத்தத்துக்குக் கொண்டுபோனார். ரோலிங் ஸ்டோன்ஸின் ‘பெக்கர்ஸ் பேங்க்வெட்’ 1968இல் இருந்து 2002 வரை கொஞ்சம் மெதுவான வேகத்திலேயே வெளிவந்துகொண்டிருந்தது, 2002 ரீமாஸ்டரில்தான் சரியான வேகத்துக்கு வந்தது (வெளியிடும் முன் ஒலியைச் செப்பனிடும் கடைசி வேலை மாஸ்டரிங், அதைத் திரும்பச் செய்வது ரீமாஸ்டர்). ஆக, பழையதுதான் நல்லது என்றோ புதியதுதான் நல்லது என்றோ பொதுவாக ஒரு விதி போட முடியாது. ஒவ்வொரு ஆல்பத்துக்கும் தனித்தனியாக விசாரித்து, நமக்குப் பிடித்த பதிப்பு எது என்று கண்டுபிடித்து, அதைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஸ்ட்ரீமிங் எனக்குக் காலை வாரியது இந்த இடத்தில்தான். செயலியில் ஆல்பத்தின் பெயருக்குக் கீழே 1971 என்று போட்டிருக்கும். உள்ளே ஒலிப்பது எந்த வருட மாஸ்டரிங் என்று பல சமயம் எழுதியிருக்காது. இந்த மாதம் கேட்டதை அடுத்த மாதம் சத்தமில்லாமல் வேறு பதிப்பாக மாற்றினால் நமக்குத் தெரியவும் வராது. ஒலியளவைச் சமப்படுத்தும் வசதி இருக்கிறதே என்பார்கள். அது மொத்தச் சத்தத்தைக் கூட்டும், குறைக்கும், அவ்வளவுதான். மாஸ்டரிங்கில் நசுக்கிவிட்ட ஏற்ற இறக்கத்தை அதனால் திருப்பிக் கொடுக்க முடியாது. அதைவிட, ஆல்பமே போய்விடலாம். பாடகர் நீல் யங் 2022 ஜனவரியில் ஸ்பாட்டிஃபையில் இருந்து தன் பாடல்களை எடுத்துவிட்டார், 2024இல்தான் திரும்ப வந்தார். அவர் எடுத்ததற்கு அவருடைய காரணம் இருக்கிறது, அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் அவருடைய ‘ஹார்வெஸ்ட்’ ஆல்பம் என் அலமாரியில் இருந்ததால் அந்த இரண்டு வருடமும் எனக்கு ஒன்றும் குறையவில்லை.

சோல் இசைக்கு வந்தால் இது இன்னும் முக்கியம். டெட்ராய்ட்டில் மோட்டவுன், மெம்ஃபிஸில் ஸ்டாக்ஸ் என்று இரண்டு நிறுவனங்களும் அறுபதுகளில் முதலில் பார்த்தது 45 சிங்கிளைத்தான், பக்கத்துக்கு ஒரு பாட்டு உள்ள சின்னத் தட்டு. கார் ரேடியோவில், ஒரே ஒரு சின்ன ஸ்பீக்கரில் கேட்டாலும் எகிறி வர வேண்டும் என்று மோனோவில், எல்லா ஒலியையும் ஒன்றாகச் சேர்த்து, மிக்ஸ் செய்தார்கள். பின்னால் வந்த பல ஸ்டீரியோ தொகுப்புகளில் பாட்டு ஒரு பக்கம், டிரம்ஸ் இன்னொரு பக்கம் என்று பிரிந்து நிற்கும், அந்த முட்டி மோதும் வேகம் காணாமல் போய்விடும். 1959 முதல் 1968 வரையான ஸ்டாக்ஸ், அதன் துணை லேபிளான வோல்ட் சிங்கிள்களை ஒன்பது சிடிகளில் 1991இல் தொகுத்தார்கள், 244 பாடல்கள். மோட்டவுனுக்கும் 1959 முதல் 1972 வரை சிங்கிள்கள் எல்லாவற்றையும் வருட வாரியாகச் சிடியில் போட்டார்கள். இதையே அசல் 45களாகச் சேர்க்க ஒரு ஆயுள் போதாது, பணமும் போதாது.

ப்ளூஸ் பக்கம் ஒரு சோகமும் உண்டு. 2008 ஜூன் 1 அன்று ஹாலிவுட்டில் யுனிவர்சல் ஸ்டுடியோஸ் வளாகத்தில் தீப்பிடித்தது. அங்கே மாஸ்டர் டேப்புகளும், அதாவது இசைப் பதிவுகளின் மூல டேப்புகளும், எரிந்தன என்பதை 2019இல்தான் நியூயார்க் டைம்ஸ் விரிவாக எழுதியது, அதில் சிகாகோவின் செஸ் நிறுவனப் பதிவுகளும் இருந்ததாகச் சொல்லப்பட்டது. இழப்பு அவ்வளவு பெரிது இல்லை என்றது யுனிவர்சல் மியூசிக் நிறுவனம், எவ்வளவு போனது என்பதில் இன்றைக்கும் ஒத்த கருத்து இல்லை. எப்படி இருந்தாலும், செஸ்ஸுக்குப் பாடிய மட்டி வாட்டர்ஸின் மூன்று சிடி தொகுப்பு 1989இல் வந்தது, அங்கேயே பாடிய ஹவுலின் உல்ஃபின் தொகுப்பு 1991இல் வந்தது, இரண்டும் தீக்கு ரொம்ப முன்னால். பழைய சிடி விற்பவர்கள் அவற்றைக் கிலோ கணக்கில் ஒதுக்குவதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது.

சரி, இதெல்லாம் எல்பியிலும் கிடைக்குமே, அசல் பிரஸ்ஸிங், அதாவது முதலில் அச்சடித்த தட்டு, வாங்கினால் எந்தப் பதிப்பு என்ற குழப்பமே இல்லையே என்று கேட்கலாம். பாதி உண்மை. ‘லெட் செப்லின் 2’ 1969இல் வந்தபோது ஒலிப் பொறியாளர் ராபர்ட் லுட்விக் மூலத் தட்டில் பள்ளம் வெட்டிய முதல் பிரஸ்ஸிங்கில் பாஸ் (தாழ்ந்த சுருதி ஒலி) அவ்வளவு பலமாக இருந்ததால், மலிவான டர்ன்டேபிள்களில் ஊசி எகிறிக் குதித்தது என்று அதை நிறுத்திவிட்டு அடக்கி வாசித்த இன்னொரு வெட்டைச் சந்தைக்கு விட்டார்கள். லேபிளுக்குப் பக்கத்தில் ஆர்எல் என்று கீறியிருக்கும் அந்த முதல் வெட்டுக்கு இன்று கேட்கிற விலை என் ஸ்பீக்கர் விலையைத் தாண்டும். புதிய பிரஸ்ஸிங்கிலும் நிம்மதி இல்லை. மொபைல் ஃபிடெலிட்டி நிறுவனத்தின் எல்பிகளில், முழுக்க அனலாக் (எங்கும் டிஜிட்டலாக மாற்றாதது) என்று வாங்குபவர்கள் நம்பிக்கொண்டிருந்த பலவற்றின் தயாரிப்பு நடுவில் ஒரு டிஜிட்டல் படி இருந்தது என்று 2022இல் தெரியவந்தது. அவை கேட்க அருமையாகவே இருந்தன. ஆனால் அனலாக் என்பதற்காகவே இரட்டிப்பு விலை கொடுத்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்.

அடுத்தது பராமரிப்பு, நான் எல்பியைக் கடைசியாகக் கைவிட்டது இதனால்தான். எல்பி ஒரே வேகத்தில், நிமிடத்துக்கு 33⅓ சுற்று, சுற்றினாலும் வெளி ஓரத்தில் ஊசிக்கு அடியில் வினாடிக்கு ஏறக்குறைய 50 செ.மீ. பள்ளம் ஓடுகிறது, உள் ஓரத்துக்கு வரும்போது அது 20 செ.மீ. அளவுக்குக் குறைந்துவிடுகிறது. அதே ஒலியைக் குறைந்த இடத்தில் அடைத்தால் கடைசிப் பாட்டில் சகரமும் தாள ஒலியும் பிசிறும். நல்ல ஊசி, சரியாகப் பொருத்திய கேட்ரிட்ஜ் (ஊசியைத் தாங்கும் பாகம்) இருந்தால் பெருமளவு குறையும் என்பதும் உண்மை. ஆனால் ஊசியின் ஆயுள் பொதுவாக 500 முதல் 1000 மணி நேரம், தேய்ந்த ஊசி தட்டையும் சேர்த்துத் தேய்க்கும், எத்தனை மணி நேரம் ஓடியது என்று நாமேதான் குறித்து வைக்க வேண்டும். சென்னையில் ஐப்பசி, கார்த்திகை மழையில் அட்டைகளில் பூஞ்சை வெள்ளையாகப் படியும். ஒவ்வொரு தட்டையும் கழுவி, துடைத்து, புது உறை மாற்றி வைத்தேன், அடுத்த வருடம் மறுபடி. புதிதாக வாங்கிய ஒரு எல்பி வெயிலில் எங்கோ கிடந்து வளைந்தே வந்து சேர்ந்தது, விற்ற கடை திருப்பி வாங்கிக்கொள்ளவில்லை.

என்னை உண்மையில் மாற்றியது ‘ஃபோக் சிங்கர்’ ஆல்பம். மட்டி வாட்டர்ஸ் மின்சார கிதாரை ஒதுக்கிவிட்டு, பட்டி கை (Buddy Guy) என்ற இளம் கிதார் கலைஞரைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பாடி, 1964இல் வெளிவந்தது. அதில் பாதி அழகு சும்மா இருக்கும் இடங்களில் இருக்கிறது, அவர் ஒரு வரியை நிறுத்தி அடுத்ததைத் தொடங்கும் முன் அறையே மூச்சைப் பிடித்துக்கொள்ளும். என் எல்பியில் அந்த இடங்களில் எல்லாம் கரகரப்பு. சிடியில் அவர் மட்டும்.

சிடியை லேசர் தொடுவதே இல்லை, அதனால் எத்தனை தடவை ஓட்டினாலும் தேயாது. கீழ்ப் பக்கக் கீறலைவிட எழுத்து அச்சடித்த மேல் பக்கக் கீறல்தான் ஆபத்து, ஒளியைத் திருப்பும் படலம் அதற்குச் சற்று அடியில்தான் இருக்கிறது. 1988இல் இருந்து 1993 வரை இங்கிலாந்தில் பிளாக்பர்ன் ஆலையில் செய்த சில சிடிகள் பழுப்பேறிக் கெட்டுப்போகும், வாங்குமுன் வெளிச்சத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். பிளேயரின் லேசர் ஒரு நாள் போகும், உதிரி கிடைப்பது கஷ்டம், அதனால் வாங்கியதும் ஹார்ட் டிஸ்க்கில் ஒரு பிரதி எடுத்துவிடுகிறேன்.

மறுவிற்பனையில் மட்டும் எல்பி வெகு தூரம் முன்னால் நிற்கிறது. நான் எல்பிகளை விற்றபோது வாங்கிய விலைக்குக் குறையாமல் வந்தது. சிடியைத் திரும்ப விற்கப் போனால் அனேகமாக ஒன்றும் கிடைக்காது. விற்க நினைத்து வாங்குபவர்கள் எல்பி பக்கமே இருங்கள். ஆனால் அதே காரணத்தால்தான் சிங்கப்பூரில் இருக்கும் என் மச்சான் ஒவ்வொரு விடுமுறைக்கும் பழைய சிடி இருபது முப்பது அள்ளிக்கொண்டு வர முடிகிறது.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். என்னிடம் இருந்தது நடுத்தர விலை டர்ன்டேபிள், லட்சங்களில் விலையுள்ள ஒன்றை ஒரே ஒரு மாலை, ஒரு நண்பர் வீட்டில்தான் கேட்டிருக்கிறேன், மிக நன்றாக இருந்தது. தினமும் அதோடு வாழ்ந்தவர் சொன்னால் என் கணக்கு மாறலாம். எஸ்ஏசிடி என்னும் உயர்தர வகைச் சிடியும் என்னிடம் நாலைந்துதான் இருக்கிறது, அதை வைத்து எதுவும் சொல்ல மாட்டேன்.

தொடங்க நினைப்பவர்களுக்கு ஓடிஸ் ரெடிங்கின் ‘ஓடிஸ் ப்ளூ’வின் 2008 இரட்டைச் சிடியைத் தேடச் சொல்வேன். 1965 ஜூலையில் ஏறக்குறைய ஒரே நாளில் மெம்ஃபிஸில் பதிவான ஆல்பம், மோனோவும் ஸ்டீரியோவும் தனித்தனியாக இருக்கின்றன. முதலில் மோனோவைப் போடுங்கள், கொஞ்சம் சத்தமாக.